களவு போன ஸ்டீம் கணக்கை மீட்க வழி உண்டா?

திருமங்கலத்தான்:
வணக்கம். கணினி விளையாட்டுகளை வாங்கி ஆடும் தளமான ஸ்டீமில், கல்லூரியில் படிக்கும் என் தம்பி வைத்திருந்த கணக்கு சென்ற வாரம் பறிபோய்விட்டது. தங்கள் அணிக்கு வாக்களிக்கும்படி நண்பனின் கணக்கிலிருந்து வந்த இணைப்பைத் திறந்தவன், அங்கே தோன்றிய உள்நுழைவுப் பெட்டியில் கடவுச்சொல்லையும் கைப்பேசிக் குறியீட்டையும் கொடுத்திருக்கிறான். இப்போது மின்னஞ்சல் முகவரியும் தொலைபேசி எண்ணும் மாற்றப்பட்டுள்ளன. தெரிந்த பிரவுசிங் சென்டர்க்காரர், "நீங்களாகக் கொடுத்துவிட்டு யாரைக் கேட்பது?" என்கிறார். மீட்க வழியே இல்லையா?

சிம்மக்கல் வாசகர்:
வழி இருக்கிறது. உள்நுழைய முடியாதவர்களும் கணக்குத் திருட்டைத் தெரிவிக்க ஸ்டீமின் உதவிப் பக்கத்தில் தனிப் பிரிவு உண்டு. கணக்கு உங்களுடையது என்பதற்கான சான்றைத்தான் அங்கே கேட்பார்கள். முதலில் பதிவு செய்த மின்னஞ்சல் முகவரி, விளையாட்டு வாங்கியபோது பணம் செலுத்திய விவரம், வாங்கியதற்கு வந்த ரசீது ஆகியவற்றைத் திரட்டி ஒரே கோரிக்கையில் அனுப்புங்கள். பணம் அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து போயிருந்தால், அந்தப் பரிவர்த்தனை எண்ணையும் தேடி எடுங்கள். பணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறோம் என்று டெலிகிராமில் வருபவர்களை அருகில் சேர்க்காதீர்கள், அவர்களும் மோசடிக்காரர்கள்தாம்.

தெப்பக்குளத்துக்காரன்:
தம்பியைத் திட்ட வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். மாதந்தோறும் சுமார் 77,000 கணக்குகள் சூறையாடப்படுவதாக 2015 டிசம்பரில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே அறிவித்தது. அனுபவமுள்ள ஆட்டக்காரர்களும் அதில் அடக்கம். போலிப் பக்கம் நாம் தட்டும் குறியீட்டை அடுத்த நொடியே உண்மையான தளத்தில் செலுத்திவிடுவதால், குறியீடு 30 நொடிக்கு ஒருமுறை மாறினாலும் பயனில்லை. ஆனாலும் பயனரின் பொறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. பக்கத்துக்குள் எழும் உள்நுழைவுப் பெட்டியைச் சுட்டியால் பிடித்து உலாவியின் எல்லைக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். விளிம்பிலேயே நின்றுவிட்டால் அது தனிச் சாளரமன்று, பக்கத்தில் வரையப்பட்ட வேடம்.

மின்னஞ்சலுக்கும் அதே கடவுச்சொல்லா? ஆம் என்றால் அதை முதலில் மாற்றி, வரும் கடிதங்களைத் தானாக ஒதுக்கும் வடிகட்டிகளையும் பாருங்கள். கணக்கு திரும்பியதும் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, நீங்கள் உருவாக்காத ஏபிஐ சாவி (வேறு நிரல்கள் உங்கள் கணக்கை அணுக உதவும் குறியீடு) இருந்தால் ரத்து செய்யுங்கள். பலர் விட்டுவிடும் இடம் அதுதான்.

அண்ணாநகர் வழக்கறிஞர்:
பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66சி-யின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஏமாந்து கொடுத்தார் என்பதால் திருடியவரின் குற்றம் குறைந்துவிடாது. தேசிய சைபர் குற்றத் தளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம். பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். உரையாடலையும் போலி இணைப்பையும் அழித்துவிடாமல் படம்பிடித்து வையுங்கள்.

திருமங்கலத்தான்:
மூவருக்கும் நன்றி. இரண்டுக்கும் ஒரே கடவுச்சொல்தான். ஸ்டீமின் கடிதங்களை நேரே குப்பைக்கு அனுப்பும் வடிகட்டி ஒன்று மின்னஞ்சலில் இருந்தது. முகவரி மாற்றிய அறிவிப்பும் அங்கேதான் கிடந்தது. வடிகட்டியை நீக்கிவிட்டு, அப்பாவின் வங்கிப் பதிவையும் பழைய ரசீதுகளையும் சேர்த்து இன்று கோரிக்கை அனுப்பியிருக்கிறோம்.