மறு: சீரியல் போர்ட்டுக்கு என்ன சொல்? ‘சாரைத்துறை’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

நான் மொழிபெயர்க்கும் கையேடு, இயங்குதளத்தின் கருவான லினக்ஸ் கர்னலைத் தொகுத்துக் கியூஎமு மெய்நிகர் இயந்திரத்தில் (மென்பொருளாகவே ஓடும் கணினியில்) ஏற்றிப் பார்ப்பது பற்றியது. நான்காம் பக்கத்தில் வரும் ‘சீரியல் போர்ட்’டிலேயே நின்றுவிட்டேன்: கணினி ஒவ்வொரு பிட்டாகத் தரவை அனுப்பவும் பெறவும் உள்ள வாயில் அது. அதற்குச் ‘சாரைத்துறை’ சரிவருமா என்று கேட்டிருந்தேன். வந்த மடல்களுக்கு ஒருசேரப் பதில் எழுதுகிறேன்.

> ‘தொடர் துறை’ ஏற்கெனவே புழங்குகிறதே, புதிதாக எதற்கு?

நானும் முதலில் அதைத்தான் இட்டேன். ‘தொடர் துறையை இயக்கு’ என்று எழுதிவிட்டு மறுநாள் படித்தால் எனக்கே பிடிபடவில்லை. நம் மென்பொருள்களில் ‘தொடர்’ என்பது மேலே போகச் சொல்லும் பொத்தான். பக்கத்தில் ‘துறை’ வந்ததும் அரசாணை படிப்பதுபோல் ஆகிவிடுகிறது. பொருளும் இடிக்கிறது. தொடர்வது என்றால் இடைவிடாமல் வருவது. இந்தத் தடத்தில் மணிக்கணக்கில் ஒன்றும் வராமலும் இருக்கும். வரும்போது ஒவ்வோர் எழுத்தும் ஒரு தொடக்க பிட், 8 தரவு பிட், ஒரு நிறுத்த பிட் என்று தனித்தனிப் பொட்டலமாக வரும். நொடிக்கு 115200 பிட் வேகத்தில் 11520 எழுத்துதான் தேறுவது அதனால்தான். தொடர்ச்சி இங்கே முக்கியமில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, ஒற்றை வரியில் வருவதே முக்கியம்.

அதற்குத் தமிழில் நல்ல சொல் சும்மா கிடக்கிறது: சாரை. எறும்புகள் சாரையாகப் போகின்றன. நடுவில் ஒரு சாண் இடைவெளி விழுந்தாலும் சாரை சாரைதான்.

> ‘தொடர் செருகுவாய்’ என்றால் பார்த்ததும் புரியுமே.

பழைய கணினியின் பின்புறத்தைக் காட்டிப் பாடம் நடத்தினால் புரியும். 9 ஊசிகள், இரண்டு திருகுகள். மெய்நிகர் இயந்திரத்தில் எதை எங்கே செருகுவது? 16550ஏ என்னும் சீரியல் போர்ட் சில்லைப்போல் நடிக்கும் ஒரு நிரல்துண்டுதான் அங்கே இருக்கிறது. அதன் மறுமுனை ஒரு கோப்பாகவோ, இரு நிரல்களை இணைக்கும் குழாயாகவோ (பைப்), கட்டளை தட்டும் நம் முனையச் சாளரமாகவோ (டெர்மினல்) இருக்கலாம். வர்ச்சுவல்பாக்ஸ் என்னும் இன்னொரு மெய்நிகர் இயந்திர மென்பொருளில் ‘ஏற்கெனவே உள்ள குழாயுடன் இணை’ என்று குறியிட்டுவிட்டு, அந்தக் குழாயை யாரும் உருவாக்காமல் விட்டால் இயந்திரம் கிளம்பவே மறுக்கும். அக்கரையில் துறை இல்லாமல் தோணி விடுவதுபோல். அதனால் ‘துறை’யை நான் விடமாட்டேன், அலுவலக வாடை அடித்தாலும் அடிக்கட்டும்.

ஆனால் துறையிலும் ஒரு சிக்கல் உண்டு. முதல் சாரைத்துறை வழக்கமாக 1016-ஆம் உள்ளீட்டு வெளியீட்டு முகவரியில் அமர்கிறது. ஆங்கிலத்தில் அந்த முகவரியும் ‘போர்ட்’. சாரைத்துறையையே வலையமைப்பு வழியாக வெளியே கொடுத்தால், டிசிபி என்னும் வலை நெறிமுறையில் 4444 என்று நாம் கொடுக்கும் எண்ணும் ‘போர்ட்’. ஒரே பத்தியில் மூன்றும் வருகின்றன. 1016-ஐ ‘முகவரி’ என்றே விட்டுவிட்டேன், 4444-க்குத் ‘துறை எண்’. வேறு வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. என் வரைவிலிருந்து ஒரு பத்தி:

“கர்னலின் கட்டளை வரியில், முதல் சாரைத்துறையான டிடிஒய்எஸ்0-ஐக் கன்சோலாக (கர்னல் தன் செய்திகளைக் காட்டும் இடமாக) குறிப்பிடுக. கியூஎமுவை வரைகலை இல்லாமல் தொடங்கினால், அத்துறைக்கு வரும் செய்திகள் உங்கள் முனையத்திலேயே ஓடும். ஒன்றும் வரவில்லை என்றால் அமைவுக் கோப்பைத் திறந்து, சாரைத்துறைக்கான 8250 இயக்கி கர்னலுக்குள்ளேயே தொகுக்கப்பட்டதா, பிறகு ஏற்றும் தனி மாட்யூலாகவா என்று பாருங்கள். மாட்யூல் என்றால் சாரைத்துறைக் கன்சோல் அமையாது.”

கடைசி வரி பட்டு எழுதியது. தொகுப்பில் ஒரு பிழைகூட இல்லை. முனையமோ வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கியூஎமுவைத் திட்டித் தீர்த்தேன். அமைவுக் கோப்பில் ‘ஒய்’ (கர்னலுக்குள்ளேயே) இருக்க வேண்டிய இடத்தில் ‘எம்’ (மாட்யூல்) இருந்தது. வைத்தவன் நான்தான்.

> போர்ட்டுக்கு மட்டும் ஒரு சொல் போதுமா? மற்ற இடங்களில் ‘சீரியல்’ வந்தால்?

அடுத்த அத்தியாயத்திலேயே சோதித்துவிட்டேன். நிரலைத் தொகுக்கும் மேக் கட்டளையை எட்டுப் பணிகளாக ஒரே நேரத்தில் ஓடவிட்டால், பிழைச்செய்திகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரும். கடைசியில் நிற்கும் ‘பிழை 2’ வெறும் எதிரொலி. உண்மையான பிழை எங்கோ மேலே போயிருக்கும். “ஒரே பணியாக, சாரையாக ஓட்டிப் பாருங்கள்” என்று எழுதினேன். உறுத்தவில்லை. சீரியல் எண் மட்டும் ‘வரிசை எண்’ணாகவே இருக்கட்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றையே வைக்க வேண்டியதில்லை.

‘சாரை என்றால் பாம்பு நினைவுக்கு வருகிறது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வரட்டுமே, சாரைக்கு நஞ்சில்லை.

முதல் தடவை வரும் இடத்தில் ‘சீரியல் போர்ட் எனும் சாரைத்துறை’, பிறகு சாரைத்துறை மட்டும் என்று வைத்திருக்கிறேன். வலுவான மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். ஆறாம் பக்கத்தில் அடுத்தது காத்திருக்கிறது: ஹேண்ட்ஷேக், அதாவது தரவு அனுப்ப இரு முனைகளும் ஒன்றுக்கொன்று சைகை காட்டி ஒத்துக்கொள்வது. ‘கைகுலுக்கல்’ என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.