ரம்மிக்காரங்களுக்கு எந்த போக்கர் ஒத்துவரும்?

திருநகர்வாசி:
வணக்கம். மதுரையில நாங்க ஆறு பேர். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மூணு மணி நேரம் பதிமூணு சீட்டு ரம்மி ஆடுவோம். காசு கிடையாது, புள்ளிதான். அடுத்து போக்கர் பழகலாம்னு இருக்கோம். டெக்ஸாஸ் ஹோல்டம், ஓமஹா, செவன் கார்டு ஸ்டட்னு மூணு வகை காதுல விழுது. எங்கள்ல ரெண்டு பேர் கீழே விழுந்த சீட்டை ஒண்ணுவிடாம ஞாபகம் வச்சிருப்பாங்க. ரெண்டு பேர் துணிஞ்சு இறங்குறவங்க. மத்த ரெண்டு பேருக்குக் கை மோசமா வந்தா உட்கார முடியாது. எதுல ஆரம்பிக்கலாம்?

வைகைக்கரை:
ரம்மிப் பழக்கம் வீணாகாத ஆட்டம் ஸ்டட்தான். நடுவுல எல்லாருக்கும் பொதுவா வைக்கிற பொதுச்சீட்டு கிடையாது. ஆளுக்கு ஏழு சீட்டு, அதுல நாலு எல்லாருக்கும் தெரியும்படி திறந்து வரும். ஆறு பேருக்கு 42 சீட்டு, ஒரு கட்டு போதும். ஜோக்கரை எடுத்துடுங்க.

ஞாபகம் எப்படி உதவுதுன்னா, முதல் மூணு சீட்டும் உங்களுக்கு ஆட்டின் வந்திருக்குன்னு வைங்க. பாக்கி 49 சீட்டுல ஆட்டின் 10. எதிர்ல திறந்திருக்கிற அஞ்சு சீட்டுல மூணு ஆட்டின்னா, மிச்சம் 44-ல 7தான். அப்ப கலருக்காக, அதாவது அஞ்சு சீட்டும் ஒரே இனமா வரணும்னு, துரத்துறது தப்பு. ஒருத்தர் கையை மடிச்சதும், அதாவது அந்தச் சுத்துலேருந்து விலகினதும், அவரோட திறந்த சீட்டையும் கவுத்துடுவாங்க. அதை நினைவுல வச்சிருக்கிறவருக்குத்தான் லாபம்.

பந்தயத்தை 4/8னு கட்டிப்போடுங்க: மூணாவது, நாலாவது சீட்டுக்கு 4, அஞ்சாவதுலேருந்து 8. வரம்பு இல்லாம ஆடினா ஸ்டட்டோட நயமே போயிடும்.

எந்த வகை ஆடினாலும் ஒரு எச்சரிக்கை. மூணு சீட்டு ஆடிப் பழகினவங்க சீக்வென்ஸ் கலரை அடிக்கும்னு நினைப்பாங்க. அங்க அது சரி. மூணு சீட்டுல மொத்தம் 22,100 கை, கலர் 1,096, சீக்வென்ஸ் 720தான். அஞ்சு சீட்டுல கணக்கு தலைகீழ்: கலர் 5,108, சீக்வென்ஸ் 10,200. அரிதா வர்றதுதான் பெரிசு. முதல் நாளே தரவரிசையைத் தாள்ல எழுதி நடுவுல வைங்க. இல்லேன்னா சண்டை நிச்சயம்.

அவனியாபுரம்:
அண்ணன் சொன்ன ஸ்டட் ரெண்டு பேருக்குப் பொருந்தும், நாலு பேருக்குப் பொருந்தாதே. புதுசா வர்றவங்க ஹோல்டத்துலதான் தொடங்கணும். கையில ரெண்டு சீட்டு, நடுவுல அஞ்சு பொதுச்சீட்டு. தொடக்கக் கை மொத்தமே 169 வகை. ஒரே மாசத்துல பிடிபட்டுடும். கடைசியா பேசுற இடத்துல, அதாவது மத்தவங்க பந்தயத்தைப் பார்த்துட்டு முடிவெடுக்கிற இடத்துல, உட்கார்றது எவ்வளவு பெரிய பலம்னு ஹோல்டம் மாதிரி வேற எதுவும் சொல்லிக்கொடுக்காது.

துணிஞ்சவங்க விழுற குழி ஒண்ணு உண்டு. நாலு சீட்டு ஒரே கலர், அஞ்சாவதுக்குக் காத்திருக்கீங்க. இன்னும் ரெண்டு சீட்டு பாக்கின்னா வாய்ப்பு 35 சதவீதம். ஆனா அந்த 35, அடுத்த சீட்டுக்கு மறுபடி பந்தயம் கட்ட வேண்டியதில்லைன்னாத்தான். ஒரே சீட்டு பாக்கின்னா 19.6தான். நடுவுல 60 கிடக்கு, எதிராளி 30 போடுறார்; நீங்க 30 போட்டா மொத்தம் 120. அதுக்கு 25 சதவீதமாவது வேணும். மடிங்க.

ஓமஹாவை மூணு மாசம் தள்ளி வைங்க. நாலு சீட்டு வரும், ஆனா கையிலேருந்து சரியா ரெண்டு, நடுவுலேருந்து மூணு. நடுவுல நாலு ஆட்டின் விழுந்து கையில ஒரே ஆட்டின் இருந்தா கலர் கிடையாது. எல்லாரும் இங்கதான் சறுக்குவாங்க. கையில மூணு ஏஸ் வந்தா சந்தோஷப்படாதீங்க, மூணாவது செத்த சீட்டு.

திருநகர்வாசி:
ரொம்ப நன்றி அண்ணே. அப்ப அந்தப் பொறுமையில்லாத ரெண்டு பேரை என்ன செய்ய? பந்தயத்துக்குப் போடுற சிப்புக்கு என்ன வைக்கலாம்?

அவனியாபுரம்:
ஹோல்டத்துல ஆறு பேர் உட்கார்ந்தா நாலுல மூணு கையை மடிக்க வேண்டியிருக்கும். அவங்களுக்கு அது கஷ்டம். ஓமஹாதான் பின்னாடி அவங்க ஆட்டம், இறங்கிப் பார்க்கத் தகுந்த கை அதுல அதிகம் வரும். ஆனா பெரிய கைக்கும் அங்க பிடிமானம் குறைவு. ஹோல்டத்துல ஏஸ் ஜோடி ராஜா ஜோடியை நூத்துக்கு 80 தடவைக்கு மேல ஜெயிக்கும். ஓமஹாவுல அந்த நிம்மதியை எதிர்பார்க்காதீங்க. அங்க பாட் அளவுக்குத்தான், அதாவது நடுவுல கிடக்கிற மொத்தச் சிப் அளவுக்குத்தான், ஏத்தலாம். 20 கிடக்க எதிராளி 10 போட்டா, உங்க 10-ஐச் சேர்த்தா 40. அதுக்கு மேல 40 ஏத்தலாம். ஆக மொத்தம் 50.

சிப்புக்குப் புளியங்கொட்டை, சோழி, சட்டைப் பொத்தான் போதும். கொட்டை 1, சோழி 5, பொத்தான் 25. ஆளுக்கு 20 கொட்டை, 16 சோழி, 4 பொத்தான்னா 200. தொடக்கப் பிளைண்ட் 1/2, அதாவது சீட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒருத்தர் 1, அடுத்தவர் 2 கட்டாயம் போடணும்.

வைகைக்கரை:
மூணு மணி நேரத்துல முடியணும்னா போட்டியா வைங்க. பிளைண்டை 15 நிமிஷத்துக்கு ஒருமுறை 2/4, 3/6, 5/10, 10/20, 15/30, 25/50, 30/60னு ஏத்துங்க. மொத்த சிப் 1,200. பெரிய பிளைண்ட் 60-ஐத் தொட்டா மேசையிலயே 20 பிளைண்டுதான் இருக்கும், ஆட்டம் தானா முடிஞ்சிடும். ஏறக்குறைய ரெண்டு மணி நேரம். தோத்தவர் சும்மா உட்காரணும்கிறதுதான் குறை. அவரைச் சீட்டுக் கலைச்சுப் போடச் சொல்லுங்க, கையும் ஓடும், மத்தவங்க ஆடுறதையும் பார்ப்பார்.

பணமில்லாம ஆடுறீங்க, அப்படியே வைங்க. பயிற்சிக்குக்கூட இணையத்துல காசு கட்டிப் போக வேண்டாம். 2025 ஆகஸ்டுல வந்த மத்திய சட்டம், திறமை ஆட்டமானாலும் பணம் வச்சு இணையத்துல ஆட வைக்கிறதைத் தடை செஞ்சிருக்கு.