தேரி மண் ஸ்ட்ரெப்டோமைசிஸ்: நேராக என்.எம்.ஆர். அனுப்பலாமா?

செம்மண்தேரி:
திசையன்விளைப் பக்கத்துத் தேரியில் (செம்மணல் மேடு) எடுத்த மண்ணிலிருந்து ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் (ஆன்டிபயாடிக் சுரக்கும் மண் பாக்டீரியா வகை) பிரித்திருக்கிறேன். எத்தில் அசிட்டேட் கரைப்பானில் எடுத்த அதன் சாறு ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை நன்றாகத் தடுக்கிறது, ஈ.கோலை பாக்டீரியாவைத் தொடவே இல்லை. கலவையைத் தட்டில் பிரித்துக் காட்டும் டி.எல்.சி.யில் மூன்று புள்ளிகள். கைடு, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?

பாளை அண்ணாச்சி:
அவசரப்படாதீங்க தம்பி. கலவையை என்.எம்.ஆரில் போட்டால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், காசுதான் போகும். முதலில் பயோ-ஆட்டோகிராஃபி, அதாவது எந்தப் புள்ளி கிருமியைத் தடுக்கிறது என்று தட்டிலேயே பார்ப்பது. டி.எல்.சி. தட்டின் மேல் ஸ்டாஃபைலோகாக்கஸ் கலந்த அகாரை மெல்லிசாக ஊற்றி, ஒரு ராத்திரி இன்குபேட்டரில் வைத்து, எம்.டி.டி. சாயம் தெளியுங்கள். உயிருள்ள இடமெல்லாம் ஊதாவாகும். வெளிறிய மஞ்சளாக நிற்கும் புள்ளிதான் உங்கள் சரக்கு. அதை மட்டும் காலம் குரோமட்டோகிராஃபியில் (குழாய் வழியே பிரிப்பது) பிரித்து, மூலக்கூறின் நிறையைக் காட்டும் எல்.சி.-எம்.எஸ். பாருங்கள். சாறு என்ன நிறம்? ஆரஞ்சு என்றால் எனக்குச் சந்தேகம் ஆக்டினோமைசின் டி என்ற பழைய ஆன்டிபயாடிக் மேல். அதன் அயனியின் நிறை எல்.சி.-எம்.எஸ்.ஸில் 1255 பக்கம் வரும், 440 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும். வாக்ஸ்மன், உட்ரஃப் என்ற விஞ்ஞானிகள் 1940-லேயே ஆக்டினோமைசினைப் பிரித்துவிட்டார்கள். நச்சு அதிகம், அதனால் புற்றுநோய் மருந்தாகத்தான் போனது. ஈ.கோலை தப்பியதில் அதிசயமில்லை, அதன் வெளிச்சவ்வு பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடாது.

லேப்_அக்கா:
கிருமி போடாத வெறும் ஊடகத்தையும் அதே மாதிரி பிரித்துச் சோதித்தீர்களா? சாறு ஊறவைத்த காகித டிஸ்க்கில் கரைப்பான் மிச்சமிருந்தாலும் அதைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் வரும். அப்புறம் வளையத்தின் அளவை மட்டும் நம்பாமல் எம்.ஐ.சி. (கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) போடுங்கள்.

செம்மண்தேரி:
சாறு ஆரஞ்சேதான் அண்ணாச்சி! வெறும் ஊடகம் சோதிக்கவில்லை அக்கா, திங்கட்கிழமை போடுகிறேன். எம்.டி.டி. பக்கத்து லேபில் கேட்க வேண்டும்.