காத்திருக்கும் நாட்களில் வாசிக்க எந்தச் சங்கீதம்?

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் கணவருக்குப் பேச்சு இன்னும் திரும்பவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஏசாயா 40:31-ஐத்தான் ("கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து...") சொல்லிவிட்டுப் போகிறார்கள். நல்ல வசனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறுதல் யாருக்குச் சொல்லப்பட்டதோ, அந்த ஜனங்களே எருசலேம் விழுந்து சிறைப்பட்டுப் போன பாபிலோனிலிருந்து ஊர் திரும்பத் தொடங்க ஏறக்குறைய 50 வருஷம் ஆயிற்றே!

எனக்கு இப்போது 13-ம் சங்கீதம்தான் வாயில் வருகிறது. "எதுவரைக்கும்" என்று நாலு தரம் கேட்டுவிட்டுத்தான் தாவீது துதிக்கவே தொடங்குகிறார்.

இப்படி நெடுநாள் காத்திருந்தவர்கள் எதை வாசித்தீர்கள், எப்படி ஜெபித்தீர்கள்? எழுதுங்களேன். "சீக்கிரம் சரியாகிடும்" மட்டும் வேண்டாம்.

இன்னொன்று: பேச்சு வராதவருக்குப் பாட்டில் சில வார்த்தைகள் வருகின்றன. பக்கத்தில் இருப்பவர்கள் ஞாயிறு சாயங்காலம் வந்து இரண்டு கீர்த்தனை பாட முடியுமா?