எமர்ஜென்சிக்குத் தமிழ் என்ன? திங்கட்கிழமைக்குள் வேண்டும்

தும்பி எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

ஒரு கல்லூரிச் சான்றிதழ்ப் படிப்பின் பாடத்திட்டத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டு தாள்கள். முதலாவது எமர்ஜென்சி மேனேஜ்மென்ட். இரண்டாவது அதே மாணவர்களுக்கான ஆங்கிலத் தாள்: எச்சரிக்கை எழுதுவது, வயர்லெஸ்ஸில் சுருக்கமாகப் பேசுவது, நடந்ததை நடந்த வரிசையில் அறிக்கையாக்குவது. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

பேரிடர் மேலாண்மை என்று போட்டுவிடலாமென்றுதான் நினைத்தேன். ஆனால் முதல் அலகே எமர்ஜென்சியையும் டிசாஸ்டரையும் பிரிக்கிறது. பாதிக்கப்பட்ட சமூகம் தன் சொந்த வளங்களைக் கொண்டு சமாளிக்க முடியாத நிலைக்குப் போனால்தான் டிசாஸ்டர், ஐ.நா. வரையறையின் சாரமும் அதுதான். ரசாயன லாரி கவிழ்ந்தது, தீயணைப்புத் துறை வந்து முடித்துவிட்டது என்றால் அது வெறும் எமர்ஜென்சி. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், 'எல்லாப் பேரிடரும் பேரிடர் ஆவதில்லை' என்று ஒரு வாக்கியம் வருகிறது. பார்த்துச் சிரித்துவிட்டு இங்கே வந்தேன்.

நெருக்கடிநிலையா, அவசரநிலையா, வேறா?

கரும்பலகை எழுதியது:

நெருக்கடிநிலை வேண்டாம், தும்பி. அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் தலைமுறைக்கு 1975 ஜூன்தான் நினைவுக்கு வரும். தணிக்கையும் சிறையும் பற்றிய பாடம் என்று நினைத்துக்கொண்டு அரசியல் மாணவர்கள் வந்து உட்காருவார்கள். அவசரநிலையிலும் அந்த வாடை கொஞ்சம் உண்டு, ஆனால் 'அவசர சிகிச்சை' அதைக் கழுவிவிட்டது. நான் ஆங்கிலத் தாள் நடத்துகிறவன். என் ஓட்டு அவசரநிலைக்கு.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அவசரம் வடசொல். அம்மொழியில் அதற்குத் தக்க சமயம், வாய்ப்பு என்றே பொருள். வாய்ப்பு மேலாண்மை என்று பட்டம் கொடுக்கப் போகிறீர்களா?

தொல்காப்பியர் உரியியலில் 'கடி' என்னும் ஒரே சொல்லுக்குப் பத்துப் பொருள் சொல்கிறார்: வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று. காப்பும் விரைவும் அச்சமும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. உங்கள் படிப்பே இந்த மூன்றுதானே? எதிர்பாராமல் வருவது என்பதால் புதுமையும் பொருந்தும். எனவே கடிநிலை. கடிநிலை மேலாண்மை. நெருக்கடி என்னும் சொல்லின் ஈற்றிலும் இந்தக் கடியே நிற்கிறது என்பது என் துணிபு. அதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

கரும்பலகை எழுதியது:

ஐயா, விரிக்க வேண்டாம். கடிநிலை என்று கரும்பலகையில் எழுதினால் முதல் வரிசையிலிருந்து 'எந்த நாய் சார்?' என்று கேட்பார்கள். கொஞ்சம் படித்தவன் கடிமணத்தை நினைத்துக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்புவான்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

கடிமணத்தில் வருவதும் காப்பே. அறியாமையை அளவுகோலாகக் கொண்டால் ஒரு சொல்லும் தேறாது. கணினி என்ற சொல் வந்தபோதும் இப்படித்தான் சிரித்தார்கள்.

வடலி எழுதியது:

இலங்கையில் பேரிடர் மேலாண்மைக்கு அனர்த்த முகாமைத்துவம் என்றுதான் அரச ஆவணங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. 2005 சட்டத்துக்குப் பிறகு அது பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. உங்கட பக்கம் அனர்த்தம் என்றால் பிழையாக அர்த்தம் எடுப்பது என்று விளங்கிக்கொள்வீர்கள் என்பது தெரியும். எமர்ஜென்சிக்கு எங்களிட்ட அவசரகாலம் இருக்கிறது, ஆனால் அதோட 'சட்டம்' ஒட்டிக்கொண்டேதான் வரும். அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கட சனம் முதலில் அடையாள அட்டையைத்தான் தேடும். ஆகவே நிலை என்று முடிவதே நல்லது, காலம் வேண்டாம்.

ஏட்டுச்சுவடி ஐயாவுக்கு ஒன்று: 2004இல் வந்ததைக் கடற்கோள் என்றோம், ஆழிப்பேரலை என்றோம். இன்றைக்கு அலை வருகுதென்றால் கரையில் நிற்கிறவன் என்ன சொல்லிக் கத்துவான்? சுனாமி.

ஏட்டுச்சுவடி எழுதியது:

கத்துவதற்கு ஒரு சொல், கற்பதற்கு ஒரு சொல் இருக்கலாம். மருத்துவர் தாளில் எழுதுவதையே நோயாளியும் சொல்கிறாரா?

கரும்பலகை எழுதியது:

இந்தத் துறையில் அது எடுபடாது ஐயா. ஆங்கிலத் தாளின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அமெரிக்கக் காவல் துறையினர் வயர்லெஸ்ஸில் பத்தில் தொடங்கும் எண் குறியீடுகளில் பேசுவார்கள். ஒரே எண்ணுக்கு ஓர் ஊரில் ஒரு பொருள், பக்கத்து ஊரில் வேறு. ஒரு துறை தனியாக வேலை செய்தவரை சிக்கலில்லை. நான்கைந்து துறைகள் ஒரே இடத்தில் கூடியபோது ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியவில்லை. பல துறைகள் சேர்ந்து இயங்கும் இடங்களில் எண்களை விட்டுவிட்டு எளிய மொழியில் பேச வேண்டும் என்று 2006 வாக்கில் கூட்டரசே சொல்லிவிட்டது; மானியத்தோடு முடிச்சுப் போட்டதால் கேட்டார்கள். ஆங்கிலத்தில் பிறந்து ஆங்கிலத்திலேயே பேசுகிறவர்களுக்கே இந்தக் கதி. நாமோ புதிதாக ஒரு குறியீட்டைச் செய்துகொண்டிருக்கிறோம். அதற்குப் பழந்தமிழ் என்று பெயர் வேறு.

நிரலி எழுதியது:

குறுக்கே வருகிறேன். எச்சரிக்கை எழுதுவது பாடத்தில் இருக்கிறது என்றதால் சொல்கிறேன். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 குறிகள் கொள்ளும். தமிழ் யூனிகோடில் 70தான். உயிர்மெய்யைத் தொல்காப்பியர் ஓரெழுத்தாக எண்ணலாம். கைபேசி மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனியாகத்தான் எண்ணும். அந்தக் கணக்கில் நெருக்கடிநிலை 13, அவசரநிலை 8, கடிநிலை 7.

ஏட்டுச்சுவடி எழுதியது:

கேட்டீர்களா! கருவியே சான்று சொல்கிறது.

நிரலி எழுதியது:

ஐயா, ஒரு குறிக்காக நாய்க்கடியை ஏற்க முடியாது :)

தும்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அதற்குள் அடுத்த பள்ளத்தில் விழுந்திருக்கிறேன். இந்தப் படிப்பின் நான்கு கட்டங்கள் 1979இல் அமெரிக்க மாநில ஆளுநர்களின் சங்கம் போட்ட பாதை. ஃபீமா என்ற அமெரிக்கக் கூட்டரசின் எமர்ஜென்சி அமைப்பு தொடங்கியதும் அதே ஆண்டுதான். மிட்டிகேஷன், பிரிபேர்ட்னஸ், ரெஸ்பான்ஸ், ரெக்கவரி. முதல் இரண்டுக்கும் தணிப்பு, ஆயத்தம் என்று போட்டிருக்கிறேன். பின்னிரண்டும் உதைக்கின்றன.

ரெஸ்பான்ஸுக்கு எதிர்வினை என்றால் வேதியியலோ இலக்கிய விமர்சனமோ ஆகிவிடுகிறது. பதில் நடவடிக்கை என்றால் யாரையோ பழிவாங்கப் போவதுபோல் இருக்கிறது. ரெக்கவரிக்கு மீட்பு என்று முந்தைய மொழிபெயர்ப்பு ஒன்றில் பார்த்தேன். நம் செய்தித்தாள்களில் மீட்பு என்றால் இடிபாட்டிலிருந்து ஆளைத் தூக்குவது, சில மணி நேர வேலை. இங்கே சொல்வது வீடு கட்டி, பள்ளி திறந்து, கடன் அடைத்து ஆண்டுக்கணக்கில் இழுப்பது. அதே பாடத்தில் ரெஸ்க்யூவும் வருகிறது, அதற்கும் மீட்பு. தேர்வில் ஒரு பையன் குழம்பினால் அவன்மேல் தப்பில்லை.

வடலி எழுதியது:

ரெக்கவரிக்கு மீட்சி. ஒருவர் வந்து செய்வது மீட்பு, தானாக எழுந்து நிற்பது மீட்சி. ரெஸ்பான்ஸுக்கு உளவியல் புத்தகங்களில் தூண்டல், துலங்கல் என்று சோடியாக வரும். துலங்கலை எடுக்கலாமே?

கரும்பலகை எழுதியது:

மீட்சி அருமை. துலங்கல் வேண்டாம், எலியைக் கூண்டில் போட்டு மணியடித்தாற்போல் இருக்கிறது. களப்பணி என்று போட்டால் என்ன?

ஏட்டுச்சுவடி எழுதியது:

'கதழ்வும் துனைவும் விரைவின் பொருள' என்பதும் உரியியல்தான். ரெஸ்பான்ஸுக்குத் துனைவினை. ஆயத்தத்துக்கும் என்னிடம் ஒன்று உண்டு: 'எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு இல்லை அதிர வருவதோர் நோய்'. எதிரதாக் காப்பு. இந்தப் படிப்பின் முகப்பிலேயே அந்தக் குறளைப் பொறிக்கலாம். அதிர வருவது என்பதைவிட எமர்ஜென்சிக்கு நல்ல வரையறையை ஐ.நா.வும் எழுதவில்லை.

நிரலி எழுதியது:

இது நிஜமாகவே அழகாக இருக்கிறது ஐயா. 'அதிர வருவது' மட்டும் பெயர்ச்சொல்லாக நின்றிருந்தால் என் ஓட்டு உங்களுக்குத்தான்.

கரும்பலகை எழுதியது:

குறள் முகப்பில் இருக்கட்டும், யாருக்கும் மறுப்பில்லை. துனைவினையைத் துணைவினை என்றுதான் அச்சகத்தில் கோப்பார்கள். பிறகு 'இரு', 'விடு', 'கொள்' எல்லாம் தீயணைக்கப் புறப்படும்.

தும்பி எழுதியது:

நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை இரவு ஆகிவிட்டது. அவசரநிலைக்கு மூவர், கடிநிலைக்கு ஒருவர். அவசரநிலை மேலாண்மை என்று வைத்துக்கொள்கிறேன். தணிப்பு, ஆயத்தம், மீட்சி. ரெஸ்பான்ஸுக்குக் களச்செயல் என்று போடுகிறேன். அது நிறைவாக இல்லை என்று எனக்கே தெரியும், ஏனென்றால் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து தொலைபேசி எடுப்பவரும் அந்தக் கட்டத்தில்தான் வருகிறார், அவர் களத்தில் இல்லை. அடுத்த பதிப்புக்குள் யாராவது நல்லதாக ஒன்று தாருங்கள்.

வடலி அண்ணா, மேலாண்மையா முகாமைத்துவமா என்பதை இந்த இழையில் தொடங்கிவிடாதீர்கள், தயவுசெய்து.

வடலி எழுதியது:

தொடங்கேல்லை, தங்கச்சி. ஆனால் இரண்டு கரைப் பிள்ளைகளும் படிக்கிற படிப்பென்றால் பின்னிணைப்பில் எங்கட சொல்லையும் பக்கத்தில் போடுங்கோ.

ஏட்டுச்சுவடி எழுதியது:

போடுங்கள். போடும்போது கடிநிலையையும் சேர்த்துப் போடுங்கள், அடைப்புக்குறிக்குள் அன்று, உரிய அகர வரிசையில். மூவர் ஒருபுறம் நின்றால் சூத்திரம் மாறிவிடாது. மீட்சிக்கு என் முழு ஒப்புதல் உண்டு.

ஒன்று மட்டும். அவசரத்தை வடசொல் என்று நான் சொன்னபோது சிரித்தீர்கள். ஆயத்தமும் வடசொல்தான். இத்தனை மடல்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.