ஈரநில மீட்பா, ஈரநில மீளமைப்பா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் அயோவா, மின்னசோட்டா, டகோட்டா மாநிலங்களில், நீரை வடித்து விளைநிலமாக்கிய தனியார் பண்ணைகளை மறுபடியும் ஈரநிலமாகவும் நாட்டுப் புல்வெளியாகவும் ஆக்கும் பணிக்கு 'ஈரநில மீட்பு' என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. அதை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. கடலையும் சதுப்பையும் தூர்த்துத் தரையாக்குவதை 'நில மீட்பு' என்று எழுதும் வழக்கம் ஏற்கெனவே இருப்பதால், ஈரநிலத்தை அழிப்பதற்கும் வளர்ப்பதற்கும் ஒரே சொல் வந்து நிற்கும்.

'மீட்சி' என்ற மாற்று, நிலம் தானே மீள்வதைக் குறிக்கும். பணி எப்படி நடக்கிறது என்று பார்த்தால் அது பாதிதான் பொருந்துகிறது. பனிப்பாறைகள் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற ஆழமற்ற குட்டைகளை 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உழவர்கள் சுட்ட மண்குழாய்களைப் புதைத்து வடித்தனர். அயோவாவில் அவற்றில் 90 விழுக்காட்டுக்கும் மேல் மறைந்துவிட்டன. இன்று புதைப்பவை துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்கள் என்பதால், ஆங்கிலத்தில் 'tile drainage' எனப்படும் இம்முறைக்கு 'ஓட்டு வடிகால்' என்ற நேர்மொழிபெயர்ப்பைவிடப் 'புதைகுழாய் வடிகால்' என்பதே சரி.

அக்குழாயைத் தோண்டி, ஒரு நீளத்தைப் பெயர்த்தெடுத்து, முனையை அடைத்துக் களிமண்ணிட்டு இறுக்கினால், பனி உருகும் பருவத்தில் குட்டையில் நீர் தேங்கத் தொடங்கும். வாத்துகள் வரும், அவற்றோடு நீருக்குள் வளரும் செடிகளின் விதைகளும் வரும். ஆனால் கரையோரக் கோரை இனங்கள் எளிதில் திரும்புவதில்லை. பல பத்தாண்டு உழவில் மண்ணிலிருந்த அவற்றின் விதைகள் உயிர்ப்பை இழந்துவிடுவதால், அந்த இடத்தைச் சம்பு என்ற நெடிய நீர்நிலைச் செடி அடைத்துக்கொள்கிறது. மேட்டிலுள்ள புல்வெளிக்கோ மனிதக் கை இன்னும் கூடுதலாக வேண்டும்: அவ்வட்டாரத்துப் புல், பூச்செடி விதைகளைத் திரட்டி, குளிரில் அவற்றின் உறக்கம் கலையும்படி பனிக்கு முன்பே தூவி, மரங்கள் ஏறிவிடாதபடி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டுப்பாட்டுடன் தீயிட வேண்டும்.

ஆகவே முழுப்பணிக்கும் பிறவினைப் பொருள் தரும் 'மீளமைப்பு' என்பதையும், குழாயை உடைத்து நீரைத் தேக்கும் முதற்கட்டத்துக்கு மட்டும் 'மீள்நனைப்பு' என்பதையும் பரிந்துரைக்கிறேன். நீர் நின்றதுமே வேலை முடிந்தது என்று கணக்கெழுதுவதை இந்தப் பிரிவு தடுக்கும்; எனக்கு இதுவே முதன்மையான காரணம்.

ஆங்கிலத்தில் 'easement' எனப்படும் இன்னொரு சொல்லுக்கு உங்கள் உதவி வேண்டும். 1990ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தின்வழி வந்து, 2014இல் வேறொரு திட்டத்துக்குள் சேர்க்கப்பட்ட ஈரநிலத் திட்டத்தில், நிலம் உழவர் பெயரிலேயே இருக்க, அதில் பயிரிடுவது உள்ளிட்ட பயன்பாட்டு உரிமைகளை 30 ஆண்டுகளுக்கோ நிலையாகவோ அரசு விலைக்கு வாங்கிக்கொண்டது. நிலம் கைமாறினாலும் அக்கட்டு விலகாது. பத்திரப்பதிவு மொழியில் அது ஒருவகை வில்லங்கம்தான் என்றாலும், பேச்சுவழக்கில் அச்சொல்லுக்கு ஏறிவிட்ட தீய பொருள் உழவரை மிரளவைக்கும். 'உழவுவிலக்கு உரிமை' என்று தற்காலிகமாக எழுதி வருகிறேன். ஆவண எழுத்தில் பழக்கமுள்ளவர்கள் இதைவிடப் பொருத்தமானதைச் சொன்னால் மாற்றிக்கொள்கிறேன்.