காவேரிப்பட்டணம் வீடு: காவ்யா கல்யாணம் (குடும்பக் குழு)

புதன்கிழமை, மாலை

ஜெயந்தி: எல்லாரும் பாருங்கள். சனிக்கிழமை ரிசப்ஷனுக்குப் பேசி வைத்த ஆர்கெஸ்ட்ரா வரமாட்டார்களாம். இப்போதுதான் போன் வந்தது.

பிரபு: அட்வான்ஸ்?

ஜெயந்தி: அதைப் பற்றி இவர் பேசிக்கொண்டிருக்கிறார்.

சேகர்: பேசவில்லை. போனையே எடுக்கமாட்டேன் என்கிறார்கள்.

சரோஜா: வைகாசி முகூர்த்தம். வேறு ஆள் எங்கே கிடைப்பான்? நாதஸ்வரம் போதும் என்று அப்போதே சொன்னேன்.

முருகேசன்: நாதஸ்வரம் ஞாயிறு காலைக்கு இருக்கிறது அத்தை. இது சனி மாலைக்கு.

காவ்யா: எனக்கு ஆர்கெஸ்ட்ரா வேண்டாம் என்று முதலிலிருந்தே சொல்கிறேன். சின்ன மாமா அந்தப் பெரிய கிட்டாரைக் கொண்டுவந்து வாசிக்கட்டும்.

தினேஷ்: ஆமாம்!!! சித்தப்பாவின் ஜம்போ!!!

பிரபு: மச்சான் ஆன்லைனில்தான் இருக்கிறார். ரொம்ப நேரமாக டைப் செய்கிறார்.

கவிதா: வரும். பொறுங்கள்.

செந்தில்: காவ்யா கேட்டு நான் வாசிக்காமல் இருப்பேனா? ஆனால் விவரத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் வருத்தப்படக் கூடாது. இது கிப்சன் கம்பெனியின் எஸ்ஜே-200, ஜம்போ என்கிற பெரிய வகைக் கிட்டார். விலை குறைந்த கிட்டார்களில் முதுகும் பக்கமும் பெரும்பாலும் பிளைவுட். இதில் எல்லாம் முழு மரம். மேலே ஸ்ப்ரூஸ், முதுகிலும் பக்கத்திலும் மேப்பிள். மேல் பலகையின் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர்தான். அதன் மேல் ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் மரம் சுருங்கி விரிசல் விடும், கூடினால் உப்பிக்கொண்டு கம்பி உயரும். வைகாசி வெயிலில் காரை ரோட்டோரம் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் உள்ளே 60 டிகிரி கூட வரும். அந்தச் சூட்டில், கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டையை ஒட்டிய பசை இளகும். இளகினால் அந்த 70 கிலோ அதைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே டிக்கியில் வராது, பின் சீட்டில்தான் வரும். வழியில் எங்கும் நிறுத்த மாட்டேன். மண்டபத்தில் ஏசி காற்று நேராக விழாத அறை ஒன்று வேண்டும்.

பிரபு: மச்சான், வருமா வராதா?

செந்தில்: வரும்.

காவ்யா: தேங்க்ஸ் மாமா

சரோஜா: தாய்மாமன் சீரைப் பற்றி ஒரு வார்த்தை காணோம்.

கவிதா: சீர் எல்லாம் எடுத்துவைத்தாயிற்று அத்தை. புடவை, நகை, தட்டு எல்லாம். அண்ணி வந்து பார்த்துவிட்டும் போனார்கள்.

சரோஜா: நான் பொதுவாகச் சொன்னேன்மா.

தினேஷ்: சின்னப் பாட்டி, அந்தக் கிட்டார் புதிதாக வாங்கினால் அமெரிக்காவிலேயே 5,000 டாலருக்கு மேல்

சரோஜா: ரூபாயில் சொல்லு.

பிரபு: தினேஷ் வேண்டாம்

தினேஷ்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சரோஜா: பார்த்துவிட்டேன். நாலு லட்சம். வரி தனி.

சரோஜா: பைபாஸ் நிலத்துப் பணம் எங்கே போயிற்று என்று இப்போதுதான் தெரிகிறது.

செந்தில்: இல்லை அத்தை. நிலத்துப் பணம் வீட்டுக் கடனுக்குப் போயிற்று, அண்ணனுக்குத் தெரியும். கிட்டார் என் போனஸைச் சேர்த்துச் சேர்த்து வாங்கியது. அதுவும் பழையது, ஒருவர் வாசித்துவிட்டு விற்றது.

ஜெயந்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கவிதா: அண்ணி?

ஜெயந்தி: ஒன்றுமில்லை. நிலம் என்று பேச்சு வந்தால் எனக்கும் பேச இருக்கிறது. கல்யாணம் முடியட்டும்.

முருகேசன்: நேரில் பேசுவோம் ஜெயா.

ஜெயந்தி: நேரில் என்று எத்தனை தடவை அண்ணா.

சேகர்: செந்தூரா மாம்பழம் இரண்டு கூடை தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். யாருக்கு வேண்டும்?

பிரபு: எனக்கு ஒன்று மாமா

கவிதா: எங்களுக்கு ஒன்று. மல்கோவா வந்துவிட்டதா?

சேகர்: இன்னும் நாளாகும். பெங்களூரா மட்டும் மரம் நிறைய நிற்கிறது. கூழ் ஆலைக்காரன் சொல்கிற விலையைக் கேட்டால் பறிக்கவே மனம் வரவில்லை.

பிரபு: போன வருஷமும் இதேதானே

சேகர்: இதேதான்.

முருகேசன்: செந்தில், முதுகு மேப்பிள் என்கிறாயே. ஈட்டி மரத்தில் செய்ததுதான் உசத்தி என்று கூடலூரில் இருந்தபோது கேள்விப்பட்டிருக்கிறேன்.

செந்தில்: உசத்தி தாழ்த்தி இல்லை அண்ணா, குணம் வேறு. ஈட்டி என்றால் ஒரு கம்பியைத் தட்டினால் அதன் கூடவே பல ஓசைகள் எழுந்து நெடுநேரம் நிற்கும். தனியாக வாசிக்கிறவனுக்கு அது சுகம். மேப்பிளில் ஓசை சீக்கிரம் அடங்கி அடுத்த சுரத்துக்கு வழி விடும். பாட்டோடு சேர்த்து வாசித்தால் பாடுகிறவர் குரல் அமுங்காது. இந்த மாடலே முதலில் ஈட்டி வகை மரத்தில்தான் வந்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேப்பிளுக்கு மாறியது. நம் தென்னிந்திய ஈட்டி இன்றைக்கும் உலகம் முழுக்கக் கிட்டார் முதுகுக்குப் போகிறது. 2017-இல் அந்த மர இனம் முழுவதையும் சர்வதேசக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார்கள். கிட்டார் செய்து நாடு விட்டு நாடு விற்கிறவர்கள் ரொம்பச் சிரமப்பட்டார்கள். 2019-இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள்.

முருகேசன்: சரிதான். நான் வேலையில் இருந்தபோது பட்டா நிலத்து ஈட்டியைக்கூட அனுமதி இல்லாமல் தொட முடியாது. 1994-இல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது.

பிரபு: பெரிய மச்சானும் ஆரம்பித்துவிட்டார்

சரோஜா: எனக்குத் தூக்கம் வருகிறது. சனிக்கிழமை என்னை யார் கூட்டிப் போவது என்று மட்டும் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை

தினேஷ்: சித்தப்பா, மண்டபத்தில் மைக் எப்படி? கிட்டார் முன்னால் மைக் வைத்தால் போதுமா?

செந்தில்: நல்ல கேள்வி. ஜம்போவின் உடம்பு கீழே 17 அங்குல அகலம். நீ வைத்திருக்கும் டிரெட்நாட் வகைக் கிட்டார் பதினைந்தரைக்குச் சற்று மேல் இருக்கும். உள்ளே காற்று அதிகம், அதனால்தான் அந்த ஆழமான ஓசை. ஆனால் அதே காரணத்தால் ஸ்பீக்கரில் வரும் சத்தம் உடம்புக்குள் மறுபடி புகுந்து ஊளையிடும். திறந்த மைக் வைத்தால் கட்டாயம் ஊளைதான். அதனால் உள்ளே இருக்கும், அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பிலிருந்து வயரை நேராக சவுண்ட் மிக்சருக்குக் கொடுக்க வேண்டும். ஓசைத் துளையை மூடுகிற ரப்பர் மூடியும் கொண்டுவருகிறேன். மண்டபத்து மிக்சரில் கால் இஞ்ச் ஜாக் இருக்கிறதா என்று மட்டும் யாராவது கேளுங்கள்.

சேகர்: மேனேஜரிடம் கேட்கிறேன்.

பிரபு: ஐந்நூறு பேர் சாப்பிடுகிற சத்தத்தில் எது வைத்தாலும் கேட்காது. வெள்ளி ராத்திரி வீட்டு வாசலில் உட்கார்ந்து வாசியுங்கள் மச்சான். மைக்கும் வேண்டாம், மேனேஜரும் வேண்டாம்.

காவ்யா: அதுவும் நல்லா இருக்கும்

ஜெயந்தி: வெள்ளி ராத்திரி பூ வருகிறது, சமையல்காரர் வருகிறார். வாசலில் யார் உட்காருவது?

செந்தில்: எங்கே வாசித்தாலும் சரி அக்கா. எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். நீ பாட வேண்டும்.

ஜெயந்தி: என்ன?

செந்தில்: இது தனியாக வாசித்துக் காட்டுவதற்காகப் பிறந்த கிட்டார் இல்லை. 1937-இல் ரே விட்லி என்ற கௌபாய் பாடகருக்காகத்தான் கிப்சன்காரர்கள் முதலில் இதைச் செய்தார்கள். பாடுகிறவரின் குரலுக்குக் கீழே நின்று தாங்குவதற்கு இவ்வளவு பெரிய உடம்பு. அப்புறம் எல்விஸ் பிரெஸ்லி வரைக்கும் எத்தனையோ பாடகர்கள் இதை மாட்டிக்கொண்டு பாடியிருக்கிறார்கள். நான் பெங்களூரில் அறைக்குள் தனியாகத்தான் வாசிக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதிதான் கேட்கிறது. மீதிப் பாதி ஒரு குரல். நம் வீட்டில் குரல் என்றால் நீதான். அம்மா பாடுகிற அந்தத் தாலாட்டைப் பாடு.

ஜெயந்தி: பாடி எவ்வளவு காலம் ஆயிற்று. தொண்டை எல்லாம் போய்விட்டது.

முருகேசன்: அப்பா ரேடியோவை நிறுத்திவிட்டு உன்னைப் பாடச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர்கள் திண்ணைக்கு வந்து உட்காருவார்கள்.

காவ்யா: அம்மா நீங்கள் பாடுவீர்களா??? எனக்கு யாரும் சொல்லவே இல்லை

சரோஜா: பெண்ணைப் பெற்றவள் மேடையில் நின்று பாடினால் பென்னாகரத்துச் சம்பந்தி என்ன நினைப்பார்கள்?

சேகர்: நினைக்கட்டும் சித்தி.

பிரபு: மாமா!!

கவிதா: அண்ணி பாடுங்கள்

ஜெயந்தி: முன்னாடி ஐந்து கட்டை சுருதி. இப்போது அது வராது. நாலரை என்றால்கூட சந்தேகம்தான்.

செந்தில்: நாலரைதான் அக்கா, ரொம்பச் சரி! ஐந்து கட்டை என்றால் கிட்டாரில் ஜி. இந்தக் கிட்டாரில் எனக்கு மிகப் பிடித்த கார்டு, அதாவது பல சுரம் சேர்ந்த பிடி, அதுதான், தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை ஆறும் சேர்ந்து ஒலிக்கும். ஆறு கம்பியையும் அரைச் சுரம் இறக்கிவிட்டு அதே ஜி-யைப் பிடித்தால் உன் நாலரை வந்துவிடும். விரல் மாறாது, ஓசையின் கனமும் போகாது. கம்பியின் இழுவை குறைவதால் மரமும் கொஞ்சம் தளர்ந்து இன்னும் மெத்தென்று ஒலிக்கும். இன்று ராத்திரியே புதுக் கம்பி மாற்றி அரைச் சுரம் இறக்கி வைக்கிறேன். மாற்றிய உடனே வாசித்தால் சுருதி நிற்காது, ஒரு நாளாவது இழுபட்டு அடங்க வேண்டும்.

ஜெயந்தி: நான் சரி என்று இன்னும் சொல்லவில்லை.

செந்தில்: மாற்றி வைக்கிறேன்.

தினேஷ்: சித்தப்பா ஒரு தடவை நான் வாசிக்கலாமா? கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக

செந்தில்: கட்டாயம் வாசிக்க வேண்டும். பெட்டிக்குள்ளேயே வைத்தால் ஸ்ப்ரூஸ் பலகை இறுகிப்போகும், வாசிக்க வாசிக்கத்தான் திறக்கும் என்று வாசிக்கிறவர்கள் சொல்வார்கள். என் காதுக்கு அது உண்மைதான். நான் இல்லாத வாரங்களுக்குப் பிறகு எடுத்தால் முதல் அரை மணி ஓசை மூடிக்கொண்டே இருக்கும். நீ சனிக்கிழமை காலையில் வந்து நன்றாக அடித்து வாசி. சட்டைப் பட்டன், பெல்ட் பக்கிள் முதுகில் உரசக் கூடாது. கை கழுவிவிட்டு வா. முக்கியமாகக் கொசுக் களிம்பு தடவிய கையோடு யாரும் தொடக் கூடாது. இதன் மேல் பூசியிருப்பது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். களிம்பில் இருக்கும் டீட் என்ற மருந்து அதைக் கரைத்துவிடும், துடைத்தால் போகாது.

பிரபு: பொங்கலுக்கு என் சின்னவன் வைத்த கை அடையாளம் இன்னும் இருக்கிறதா மச்சான்

செந்தில்: இருக்கிறது. பரவாயில்லை, அது அவனுடைய கை.

தினேஷ்: நான் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வருகிறேன் சித்தப்பா

சரோஜா: சனிக்கிழமை என்னைக் கூட்டிப் போவது யார் என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

கவிதா: அத்தை, நாங்கள் பெங்களூரிலிருந்து வரும் வழியில் ஓசூரில் உங்களை ஏற்றிக்கொள்வதாகத்தான் இருந்தது. பின் சீட்டில் கிட்டார், சீர்த் தட்டு, இரண்டு பையன்கள்...

சரோஜா: கிட்டாருக்குச் சீட். எனக்குப் பஸ்.

பிரபு: அம்மா நான் எதற்கு இருக்கிறேன். என் கூட வாங்க.

சரோஜா: நீ பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பாய்.

செந்தில்: அத்தை, நீங்கள் முன் சீட்டில் உட்காருங்கள். கவிதாவும் பையன்களும் பிரபு வண்டியில் வரட்டும்.

கவிதா: இதை வீட்டில் பேசிவிட்டுப் போட்டிருக்கலாம்.

சரோஜா: ஏசியைக் குறைத்து வைப்பாயா? எனக்குக் கால் குடையும்.

செந்தில்: கிட்டாருக்கும் அதுதான் நல்லது அத்தை.

முருகேசன்: சனி காலை அத்திப்பள்ளியில் நெரிசல் இருக்கும். ஆறு மணிக்கே கிளம்பிவிடு.

சேகர்: மண்டப மேனேஜர் பேசினார். மிக்சர் இருக்கிறதாம். கால் இஞ்சா அரை இஞ்சா என்று அவருக்குத் தெரியவில்லை. மைக் செட் பையனிடம் கேட்கச் சொன்னார். பையன் போளூரில் ஒரு விசேஷத்துக்குப் போயிருக்கிறானாம்.

தினேஷ்: நான் கன்வெர்ட்டர் கொண்டுவருகிறேன் பெரிய மாமா

பிரபு: அப்போ வெள்ளி வாசலா, சனி மண்டபமா?

காவ்யா: இரண்டும்

ஜெயந்தி: வெள்ளி இல்லை. சனி பார்க்கலாம்.

செந்தில்: வெள்ளி ராத்திரி போனிலாவது ஒரு தடவை பாடு அக்கா, சுருதி பார்த்துக்கொள்கிறேன்.

ஜெயந்தி: [குரல் பதிவு 0:47]

முருகேசன்: ஜெயா

காவ்யா: அம்மாஆஆ

சேகர்: அந்த அட்வான்ஸ் விஷயம், பிரபு, உனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் கிருஷ்ணகிரி கோர்ட்டில் இருந்தாரே. நம்பர் அனுப்பு.